‘ட்ராக் 03’ என்று யாருக்கும் பெயர் இல்லை

சேரி வீடுகளின் பரண்களிலும், இயக்க அலுவலகங்களின் இரும்பு பீரோக்களிலும், தேவாலயப் பாடகர் குழுக்களின் அட்டைப்பெட்டிகளிலும் கிடக்கும் குறுந்தகடுகளை நாம் இனியும் தள்ளிப்போடாமல் கணினிக் கோப்புகளாக மாற்ற வேண்டும். அதைத் தரமாகச் செய்ய வேண்டும், பெயர்களோடு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

“நாட்டில் ஆணவக் கொலை நடக்கிறது, மலக்குழியில் ஆள் சாகிறான், இவர்களுக்கு சி.டி. கவலை வந்துவிட்டது” என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுவோம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தீர்ப்பின் நகல் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும், அதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வெண்மணியைத் தலைமுறை தலைமுறையாக நமக்குக் கடத்தியவை மேடைப் பேச்சும் கவிதையும் பாட்டும்தான். ‘மனுசங்கடா’வை எழுதியவர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் கே.ஏ. குணசேகரனுடையது. இருவருமே 2016இல், ஒருவர் ஜனவரியிலும் மற்றவர் டிசம்பரிலும், நம்மை விட்டுப் போனார்கள். இனி அந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பதிவுதான் கதி. ஆகவே பதிவைக் காப்பாற்றுவதும் போராட்ட வேலைதான். நினைவு இல்லாத இயக்கம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்தத் தகடுகளில் என்ன இருக்கிறது?

1990களில் தலித் எழுச்சியோடு சேர்ந்து கலை விழாக்கள் நடந்தன, கலைக்குழுக்கள் பிறந்தன. அப்போது எல்லாம் ஒலிநாடாவில் பதிவானது. 2000க்குப் பிறகு கணினி சென்டர்களில் சி.டி. ரைட்டர் வந்தது. பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு வெற்றுத்தகடு கிடைத்தது. கலைக்குழுக்கள் தங்கள் பாட்டுகளைத் தகடாகப் போட்டு, மாநாட்டு வாசலில் புத்தகத்தோடு சேர்த்து விற்றார்கள். அம்பேத்கர் பிறந்தநாள் விழாப் பேச்சுகள், நினைவேந்தல் கூட்டங்கள், பறை பயிற்சி முகாம்கள், பாட்டிமார் பாடிய ஒப்பாரிகள், தெருமுனை நாடகங்கள் எல்லாம் தகடுகளில் ஏறின. பழைய ஒலிநாடாக்களையும் பலர் தகட்டுக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு நாடாவைத் தூக்கிப்போட்டார்கள். அதாவது, பல வீடுகளில் இன்று மிச்சம் இருக்கும் ஒரே பிரதி அந்தத் தகடுதான்.

அதன் பிறகு பென் டிரைவ் வந்தது, ஸ்மார்ட்போன் வந்தது. தகடுகளை யாரும் தொடவில்லை. களப்பணிக்குப் போகும் வீடுகளில் நாம் பார்ப்பது இதைத்தான்: திருமண ஆல்பத்துக்கும் ரேஷன் கார்டு நகலுக்கும் நடுவே, உறையில்லாமல், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நாலைந்து தகடுகள். “இதுல எங்க பெரியப்பா பேசுனது இருக்கு தம்பி, போட்டுப் பாக்கத்தான் பெட்டி இல்ல” என்பார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கர்நாடக இசைக்கு இந்தக் கவலை குறைவு. ஸ்பூல் டேப் காலத்திலிருந்தே கச்சேரிகளைப் பதிவுசெய்து பாதுகாத்த ரசிகர்கள் அவர்களுக்கு இருந்தார்கள். சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளை உட்கார்ந்து கேட்பதற்கென்றே டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது. எந்தப் பாடகர், என்ன ராகம், பக்கவாத்தியம் யார் என்று குறித்துவைக்கும் பழக்கம் இருக்கிறது. அவர்கள் செய்தது தவறு என்று சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் ரசனை ‘பாரம்பரியம்’ ஆவதற்குக் கட்டடமும் பணமும் மட்டும் காரணமல்ல. பொறுமையாக உட்கார்ந்து பெயர் எழுதிய ரசிகர்களும் காரணம். கட்டடம் நமக்கு உடனே கிடைக்காது, பெயர் எழுதும் வேலையை இன்றே தொடங்கலாம்.

நம்மிடமும் முன்னுதாரணம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக 1999இல்தான் வந்தது. நடுவில் 85 ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க நொறுங்கும் காகிதங்களை யாரோ சிலர் பத்திரப்படுத்தியதால்தான் தமிழ்நாட்டின் சிந்தனை வரலாற்றையே திருத்தி எழுத முடிந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: காகிதம் 85 ஆண்டு தாங்கியது. நம் வீட்டில் எழுதிய குறுந்தகடு அவ்வளவு தாங்காது.

தகடு ஏன் சாகிறது?

கடையில் விற்கும் அச்சுத் தகடும், வீட்டில் எழுதிய தகடும் ஒன்றல்ல. அச்சுத் தகட்டில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாக அழுத்தப்பட்டிருக்கும். நாம் எழுதிய தகட்டில் சாயம் பூசிய ஒரு அடுக்கு இருக்கும். லேசர் அந்தச் சாயத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டு எழுதுகிறது. சாயம் என்றால் வெளிறும். வெயிலும் சூடும் ஈரமும் அதை வெளிறச் செய்யும். தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சித்திரை வைகாசி கடந்த தகடு எவ்வளவு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால்தான் தகடு கெடும் என்று எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் பேராபத்து மேல்பக்கத்தில்தான். தகவல் அடுக்கும் அதை மூடும் மெல்லிய பூச்சும் பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழேதான் இருக்கின்றன. அடிப்பக்கக் கீறல் மேலோட்டமாக இருந்தால் லேசர் அதைத் தாண்டிப் படித்துவிடும். மேல்பக்கத்தில் ஆணி கீறினால் பாட்டே உரிந்துபோகும். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவது, தலைவர் படம் போட்ட ஸ்டிக்கரைக் கிழித்து எடுப்பது எல்லாம் தகட்டுக்குத் தீங்கு. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும்.

தகடு நன்றாக இருந்தாலும் படிக்கும் கருவி போய்க்கொண்டிருக்கிறது. இன்று விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு போடும் இடமே இல்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி டிரைவ் இன்னும் ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு மாணவர் அமைப்புக்கு ஒன்று போதும். கிடைக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

எம்பி3 போதாதா?

கேட்பதற்குப் போதும். காப்பதற்குப் போதாது.

குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம். நொடிக்கு 1,411 கிலோபிட். இதை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்குகிறோம். மீதியை, மனிதக் காதுக்கு எப்படியும் கேட்காது என்று ஒரு கணக்குப் போட்டு, மென்பொருள் எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்பி வராது. எம்பி3யை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தன் முறையைச் செதுக்கினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. எது தேவை, எது தேவையில்லை என்று யாரோ எங்கோ எடுத்த முடிவு அந்தக் கோப்புக்குள் இருக்கிறது.

இது நம் இசையை மற்ற இசையைவிடக் கூடுதலாகப் பாதிக்கும். எம்பி3 முறை ஒலியை நொடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. நீண்டு ஒலிக்கும் வயலினுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் விழும் பறையின் ஒலி அப்படிப்பட்டதல்ல. அது ஒரு துண்டின் நடுவில் திடீரென வெடிக்கும். இடம் போதாத எம்பி3, அந்த வெடிப்பின் பிழையைத் துண்டு முழுக்கத் தடவிவிடும். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் கேட்கும், அடியின் முனை மழுங்கும். ஒலிப் பொறியாளர்கள் இதற்கு முன்னெதிரொலி என்று பெயர் வைத்து, கைச்சிப்பளாக் கட்டை போன்ற தாளக்கருவிகளை வைத்துத்தான் சோதிப்பார்கள். குறைந்த தரத்து எம்பி3யில் நம் பறை ஏன் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது என்று யோசித்திருப்பீர்கள். பறையில் குறையில்லை.

நேர்மையாக ஒன்றும் சொல்ல வேண்டும். 256, 320 கிலோபிட்டில் செய்த எம்பி3யை மூலத்திலிருந்து காதால் பிரித்தறிவது பெரும்பாலோர்க்கு முடியாது. ஆகவே போனில் கேட்க, நண்பருக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. இன்று எம்பி3 ஆக்குவோம். நாளை ஒருவர் அதை வெட்டி ஆவணப்படத்தில் சேர்ப்பார், அது யூடியூபில் ஏறி மறுபடி சுருங்கும், அங்கிருந்து இறக்கி வாட்ஸாப்பில் போடும்போது இன்னொரு முறை சுருங்கும். நகலின் நகலை ஜெராக்ஸ் எடுத்ததுபோல் ஆகிவிடும். அதனால் மூலப் பிரதி ஒன்று இழப்பில்லாமல் இருந்தே தீர வேண்டும்.

அதற்கான வடிவம் ஃப்ளாக். இலவசமானது, எந்த நிறுவனத்துக்கும் உரிமைத்தொகை கிடையாது. ஜிப் கோப்புபோல, ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கும். விரித்தால் தகட்டில் இருந்தது அப்படியே வரும். ஒரு மணி நேரத் தகடு ஏறத்தாழ 300 முதல் 400 மெகாபைட் ஆகும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் 2,000க்கும் மேற்பட்ட தகடுகள் அடங்கும். ஒரு மாவட்டத்தின் பாட்டு முழுக்க ஒரு கைப்பைக்குள் வந்துவிடும். “இடம் பத்தாது” என்ற காரணம் இனி செல்லாது.

எப்படிச் செய்வது?

முதலில் தகட்டைத் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் அந்தக் கீறல் லேசர் ஓடும் பாதையிலேயே விழும். பற்பசை வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

அடுத்து, தகட்டில் இருப்பது என்னவென்று பாருங்கள். மூன்று வகை வரும். ஒன்று, ஆடியோ சி.டி. இரண்டு, எம்பி3 கோப்புகள் எழுதிய தகடு. மூன்று, வி.சி.டி. எம்பி3 தகடு என்றால் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும். அதை ஃப்ளாக் ஆக்குவதால் ஒரு பயனும் இல்லை. போனது போனதுதான், கோப்பு பருக்கும், அவ்வளவே. வி.சி.டி. என்றால் ‘எம்பெக்ஏவி’ என்ற உறைக்குள் ‘டாட்’ என்று முடியும் கோப்பு இருக்கும். அதையும் அப்படியே நகலெடுங்கள். வி.எல்.சி. அதை ஓட்டும். நம் மாநாடுகளையும் ஊர்வலங்களையும் கல்யாண ஸ்டுடியோ கேமராக்காரர்களே எடுத்து வி.சி.டி.யாகக் கொடுத்தார்கள் என்பதால் இந்த வகையும் நிறையவே வரும்.

ஆடியோ சி.டி.க்குத்தான் கவனம் வேண்டும். சாதாரண பிளேயர் படிக்க முடியாத இடத்தை அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்து நிரப்பிவிடும், நமக்குத் தெரியாது. இசை கேட்க அது வசதி, ஆவணத்துக்கு அது பொய். அதனால் ஒரே இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிடும் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர். மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. பாதுகாப்பான படிப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, வெளியீட்டை ஃப்ளாக் என்று வையுங்கள். மோசமான தகடு ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். ஆகட்டும். ஒரு டிரைவில் படிக்காத தகடு இன்னொரு டிரைவில் படிக்கும், அதனால் முதல் தோல்வியிலேயே தகட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

இங்கே நம் இடம் எது என்று காட்டும் ஒரு சின்ன விஷயம் உண்டு. அக்யூரேட்ரிப் என்று ஒரு தகவல் தளம். நாம் எடுத்த நகலை, உலகில் அதே தகட்டை எடுத்த மற்றவர்களின் நகலோடு ஒப்பிட்டு, சரியா தவறா என்று சொல்லும். புகழ்பெற்ற ஆல்பம் என்றால் நூற்றுக்கணக்கானோர் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும். நம் கலைக்குழுத் தகட்டைப் போட்டால் ‘இந்தத் தகடு பட்டியலில் இல்லை’ என்று வரும். ஏனென்றால் நமக்கு முன் யாரும் அதைச் செய்யவில்லை. சாட்சிக்கு ஆள் இல்லாதபோது நாமே இருமுறை எடுத்து ஒப்பிட வேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டு முறை படித்து இரண்டு சரிபார்ப்பு எண்களைத் தரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். அந்த அறிக்கைக் கோப்பையும் பாட்டோடு சேர்த்தே வையுங்கள்.

எடுத்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குகிறேன், சத்தம் கூட்டுகிறேன் என்று இறங்குபவர்கள் உண்டு. மைக் செட்காரர் “ஹலோ, ஹலோ” என்பதும், நடுவில் எழும் முழக்கமும், குழந்தை அழுவதும், ஜெனரேட்டர் ஓசையும் அந்தக் கூட்டம் எங்கே, எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி. அதோடு, இரைச்சல் நீக்கும் மென்பொருள் பறையின் அதிர்வையும் சேர்த்து இரைச்சல் என்று எண்ணி வழித்துவிடும் வாய்ப்பு அதிகம். நம் ஒலியை இரைச்சல் என்று சொன்னவர்களை நாம் நிறையவே பார்த்தாயிற்று. மென்பொருளுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம். மெருகு வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள்.

பெயர் எழுதுவதுதான் பாதி வேலை

நகலெடுத்தால் மட்டும் வேலை முடியாது. கணினி தானாக வைக்கும் பெயர் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’, ‘ட்ராக் 03’. அப்படியே விட்டால் பத்து ஆண்டு கழித்து அது யாருடைய குரல் என்று யாருக்கும் தெரியாது.

அட்டையைப் பார்த்து எழுதினாலும் போதாது. நம் தகடுகளின் அட்டைகளைக் கவனியுங்கள். வெளியிட்ட அமைப்பின் பெயர் இருக்கும், தலைவர் படம் இருக்கும், உதவியவர்களுக்கு நன்றி இருக்கும். பறை அடித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘குழுவினர்’ என்று ஒரே சொல்லில் ஐந்தாறு பேர் முடிந்துவிடுவார்கள். ஒப்பாரி என்றால் ‘பாரம்பரியப் பாடல்’. பாடிய பாட்டிக்குப் பெயர் இல்லை, அவர் அந்த இடத்திலேயே கட்டிய வரிகளுக்கு உரிமையும் இல்லை. ஆய்வாளர் பெயரில் புத்தகம் வரும், பாடியவர் பின்னிணைப்பில்கூட வரமாட்டார். சாதி உழைப்பைப் பெயரில்லாததாக்கித்தான் சுரண்டுகிறது. நம் கோப்பிலும் அதே வேலை நடக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தடத்துக்கும் குறைந்தது இவற்றை எழுதுங்கள்: பாடியவர், எழுதியவர், ஒவ்வொரு கருவியையும் வாசித்தவர், ஊர், நாள், நிகழ்ச்சி, பதிவுசெய்தவர், தகடு யார் வீட்டில் கிடைத்தது, நகலெடுத்தவர். தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ‘பாரம்பரியம்’ என்று எழுதி மூடாதீர்கள். தெரியவில்லை என்ற சொல் தேடச் சொல்கிறது, பாரம்பரியம் என்ற சொல் தேடலை நிறுத்திவிடுகிறது.

இதை யூனிகோடு தமிழில் எழுத வேண்டும். பழைய தகடுகளில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பெயர்கள் இப்போது குப்பைபோல் தெரியும். பொறுமையாகப் படித்துத் திருத்துங்கள். எம்பி3யின் முதல் காலக் குறிப்பு முறையில் ஒரு தலைப்புக்கு 30 பைட்தான் இடம். தமிழ் எழுத்து அதில் நுழையவே வழியில்லை. ஃப்ளாக் கோப்பில் அந்தத் தடை இல்லை, எவ்வளவு நீளமாகவும் தமிழில் எழுதலாம். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட், எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். மியூசிக்பிரெயின்ஸ் தகவல் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஆல்பத்தைச் சேர்க்கலாம். நம் தகடு பட்டியலில் இல்லை என்றால், சேர்க்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

பெயர் கேட்டுப் போகும்போதுதான் வரலாறு வரும். மடிக்கணினியில் பாட்டை ஓடவிட்டு, முதியவர்களோடு உட்காருங்கள். “இது அந்தோணியம்மா அக்கா குரல் மாதிரி இருக்கே”, “இல்லடா, இது அவங்க தங்கச்சி” என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சையும் போனில் பதியுங்கள். சில ஊர்களில் வேறு பதில் கிடைக்கும்: “நாங்க இனிமே சாவுக்கு மேளம் அடிக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்.” பறையை விடுதலையின் ஒலி என்று கையிலெடுத்த தலித்துகளும் உண்டு, சாதி திணித்த வேலை என்று இறக்கி வைத்த தலித்துகளும் உண்டு. இரண்டும் நம் வரலாறு. அடிக்க மறுத்த ஊரின் மௌனம் எந்தத் தகட்டிலும் பதிவாகாது, அதைக் குறிப்பில்தான் எழுத முடியும்.

எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா?

கூடாது. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. வன்கொடுமை நடந்த ஊரில் பாதிக்கப்பட்ட பெண் அழுதுகொண்டே சொன்ன சாட்சியம் ஒரு தகட்டில் இருக்கலாம். அதில் ஆதிக்கச் சாதிக்காரர் பெயரும் இருக்கும். அந்தப் பெண் இன்றும் அதே ஊரில்தான் வாழ்கிறார். அதைப் பாதுகாக்க வேண்டும், ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு நொடிகூட வெளியே போகக் கூடாது. இழவு வீட்டு ஒப்பாரியும் அப்படித்தான். அது அந்தக் குடும்பத்தின் துக்கம். நம் விருப்பக்குறிகளுக்கான சரக்கு அல்ல.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. பொதுவில் ஏற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 2012இல் வந்த திருத்தம், தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைக் கலைஞருக்குக் கொடுத்தது. நம் பறைக் கலைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோப்பில் பெயர் எழுதுவது கருணை இல்லை, அவர் உரிமை.

“யூடியூபில்தான் இருக்கிறதே?”

சில இருக்கின்றன. யாரோ ஏற்றியவை, யாரோ ஒரு நாள் நீக்கக்கூடியவை. ஒரு புகார் போதும், சானல் போய்விடும். கடவுச்சொல் மறந்தால் போய்விடும். அங்கே இருக்கும் ஒலியும் சுருக்கப்பட்டதுதான். ஆட்களைச் சென்றடைய அது நல்ல மேடை. பெட்டகமாக அதை நம்பக் கூடாது.

மராத்திய தலித் பாடகர் விலாஸ் கோக்ரே 1997இல், மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்து பேர் கொல்லப்பட்ட பிறகு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் குரலையும் முகத்தையும் நாம் இன்று அறிவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆனந்த் பட்வர்தன் தன் படங்களுக்காக அவரைப் பதிவுசெய்து வைத்திருந்தது. ‘ஜெய் பீம் காம்ரேட்’ 2011இல் வந்தது. இங்கே மதுரை இறையியல் கல்லூரியில் நாட்டுப்புற இசையையே விடுதலை இறையியலின் மொழியாக்கிய தியோபிலஸ் அப்பாவு, நமக்கெல்லாம் பறட்டை அண்ணன், 2005இல் மறைந்தார். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரீனியன் எழுதிய நூல் 2014இல் வந்தது. இவர்கள் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் நம்மைத் தேடி ஒரு இயக்குநரோ ஓர் ஆய்வாளரோ வரும்வரை காத்திருந்தால், வந்தவர் பார்த்த சிலர் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறியபோது பல இளைஞர்கள் இதுதான் தொடக்கம் என்று நினைத்தார்கள். அது ஒரு பெரிய பாய்ச்சல், சந்தேகமில்லை. அதற்குப் பின்னால் கானாவும் பறையும் ஒப்பாரியும் கலைக்குழுக்களும் கடந்துவந்த நீண்ட வழி உண்டு. அந்த வழி இந்தத் தகடுகளில் இருக்கிறது. இன்று பாட்டெழுதும் இருபது வயதுத் தோழர், தன் ஊர் அத்தை 2003இல் எப்படி அடி கட்டினார் என்று கேட்க வழி இருக்க வேண்டும்.

இந்த மாதம் செய்யக்கூடியது

உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ மூன்று பேர் சேருங்கள். ஒரு டிவிடி டிரைவ் வாங்குங்கள். பத்து வீடுகளில் தகடுகளைக் கேளுங்கள். வாங்கும்போதே யாரிடம் வாங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், வேலை முடிந்ததும் தகட்டைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே போனில் கேட்கும்படி எம்பி3 பிரதியும் கொடுங்கள். தன் வீட்டுக் குரல் தன் கைக்குத் திரும்பினால்தான் அடுத்த வீடு கதவைத் திறக்கும்.

மூலக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள்: இரண்டு வேறு வேறு ஹார்டு டிஸ்குகளில், மூன்றாவது வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து எதையெல்லாம் அடித்துச் சென்றது என்று நமக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை கோப்புகளைச் சோதியுங்கள். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே ஒலியின் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும், கெட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். வெளியிட அனுமதி கிடைத்தவற்றை ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் ஏற்றலாம். அது ஃப்ளாக் கோப்பை அப்படியே ஏற்று, கேட்பதற்கான எம்பி3யைத் தானே செய்துகொள்ளும்.

அரசிடமும் கேட்போம். ஆதிதிராவிடர் நலத்துக்கு ஒதுக்கும் நிதியில் தலித் கலைகளுக்கான ஒலி ஆவணக் காப்பகம் ஒன்று வேண்டும், அதை நடத்துவோரில் கலைஞர்களே இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. கோரிக்கை வைக்கும்போது கையில் ஆயிரம் தடங்களும் அவற்றின் பெயர்ப் பட்டியலும் இருந்தால் நம் பேச்சுக்கு எடை கூடும். அரசு வரும்வரை சாயம் காத்திருக்காது. இந்தச் சித்திரையும் கூரை சூடாகத்தான் போகிறது. அதற்குள் உங்கள் தெருவின் முதல் தகட்டை எடுத்துவிடுங்கள்.

ஜெய் பீம்.